வண்டியும் பொறுப்பும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘கல்வியும் கடமையும்’ என்பதாகும். அத்தலைப்பு கடல் போன்றது. ஆதலின் அதனுள் ஒரே ஒரு கடமையைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டுப் பெற்றேன். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றும் இளைஞனின் கடமையே அது. கல்விக் கழகத்தின் மேடையில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் இப்பந்தலுக்கு வெளியே சென்று எண்ணிப் பார்க்கட்டும். நாற்பது வண்டிகளுக்குக் குறையாமல் நிற்கின்றன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், இக்கழகம் தொடங்கிய நாளில், நம் தெருவில் மோட்டார் வண்டி வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இம்மாற்றத்தை நான் குறையாகச் சொல்லவில்லை, மகிழ்ச்சியோடுதான் சொல்லுகிறேன்.

வண்டி என்பது நம் மக்களுக்கு வெறும் வாகனமாக என்றுமே இருந்ததில்லை. திருவிதாங்கூரில் 1893-ஆம் ஆண்டு வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி என்னும் வீரர், தம் கைப்பொருளைக் கொண்டு ஒரு வில்வண்டி வாங்கி, நம்போன்றோர் நடக்கவும் கூடாது என்று விலக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் அதனை ஓட்டிச் சென்றார். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோர்க்கும் உரியன என்பதற்காக, 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இவையெல்லாம் பழங்கதைகள் என்று எண்ணிவிட வேண்டா. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கூட, நம் தென் மாவட்டம் ஒன்றில், புல்லட் வண்டி ஓட்டியதற்காகவே நம் சமுதாயத்துக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினர் என்று புகார் எழுந்து வழக்குப் பதிவாயிற்று.

ஆகவே, வண்டியில் ஏறி அமரும் நம் பிள்ளையின் நெஞ்சில் ஒரு நிமிர்வு தோன்றுவது இயல்பே. அந்நிமிர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் அதனை வேகத்தால் காட்ட வேண்டும் என்று அவன் எண்ணுகிறானே, அங்கேதான் நான் அவனோடு மாறுபடுகிறேன். “எங்களை ஓட்டவிடாமல் தடுத்தவர்கள் முன்னால் நாங்கள் பறந்து காட்டுவோம்” என்று என்னிடமே ஒரு மாணவன் வாதாடினான். நான் அவனைக் கேட்டேன்: அய்யன்காளியின் வில்வண்டி எத்தனை மைல் வேகத்தில் ஓடியது, தம்பி? அதனை இழுத்தவை இரண்டு மாடுகள். மாட்டு நடையில் சென்ற அந்த வண்டியைக் கண்டுதான் ஆதிக்கக்காரர்கள் அத்தனை பேரும் நிலைகுலைந்தார்கள். சாலையில் அவர் சென்றார் என்பதே செய்தியாக இருந்தது. எவ்வளவு விரைவில் சென்றார் என்று எவரும் கேட்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு விபத்தை உங்களில் எத்தனை பேர் அறிவீர்களோ, அறியேன். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் சிறு நூலில் அவரே அதனை எழுதியிருக்கிறார். அதனை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்றும் விரிவாகவே சொல்லுகிறேன்.

1929-ஆம் ஆண்டு. தீண்டாதார் படும் இன்னல்களை ஆராய்வதற்காகப் பம்பாய் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்திருந்தது. அக்குழுவின் உறுப்பினர் என்ற முறையில், ஒரு கிராமத்தில் நம்மவர்மீது சாதி இந்துக்கள் விதித்திருந்த சமூகப் புறக்கணிப்பைப் பற்றி விசாரிக்க அண்ணல் அவர்கள் தூலியா பகுதிக்குச் சென்றார். திரும்பும் வழியில் சாலிஸ்கான் என்னும் ஊரின் மகர் மக்கள் இரயில் நிலையத்தில் கூடி, ஓர் இரவாவது தங்களோடு தங்கிச் செல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டனர். அவரும் இசைந்தார். மகர் குடியிருப்போ ஆற்றுக்கு அப்பால் இருந்தது. அவரை அழைத்துச் செல்ல டோங்கா என்னும் குதிரை வண்டியைத் தேடினார்கள். அயல்நாடுகளில் கற்றுப் பட்டங்கள் பல பெற்ற பாரிஸ்டர் அவர். ஆனால் தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டுவது தங்களுக்கு இழுக்கு என்று வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டனர். தம் தலைவர் நடந்து வருவதைப் பார்க்க அம்மக்களுக்கு மனம் ஒப்பவில்லை. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: வண்டிக்காரன் வாடகைக்கு வண்டியைத் தருவான், ஓட்டமாட்டான். ஓட்ட நம்மவரில் ஒருவர் முன்வந்தார். அவருக்குக் குதிரை வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லை.

இவை ஒன்றும் அண்ணலுக்குத் தெரியாது. இரயில் நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தார், வண்டி வந்தது, ஏறி அமர்ந்தார். சிறிது தூரம் செல்வதற்குள் எதிரே வந்த மோட்டார் காரோடு மோதவிருந்து தப்பியது. அன்றாடம் வண்டி ஓட்டிப் பிழைப்பவன் இவ்வளவு தடுமாறுவானேன் என்று அவரே வியந்திருக்கிறார். பின்னர் ஆற்றின் குறுக்கேயிருந்த பாலம் வந்தது. அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஓரத்தில் இடைவெளி விட்டு நட்ட கற்களே இருந்தன. பாலத்தில் திரும்பும்போது சக்கரம் ஒரு கல்லில் மோதிற்று. அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கல் பாவிய தளத்தில் விழுந்து நினைவிழந்தார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவருடைய கால் எலும்பு முறிந்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்க வேண்டியவர் அவர்! அந்தக் கல் அவருடைய தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் முதற்குற்றம் வண்டி ஓட்ட மறுத்தவர்களுடையது. அதில் ஐயமில்லை, அண்ணலும் அதனையே எடுத்துக் காட்டுகிறார். ஆயினும் அம்மக்களின் அன்பை மதித்துக்கொண்டே அவர் சுட்டும் மற்றொன்றும் உண்டு. விருந்தினரின் மரியாதையைக் கருதியவர்கள் அவருடைய பாதுகாப்பைக் கருதவில்லை. அவர்களுக்கு அன்பு நிறைய இருந்தது, பயிற்சி இல்லை. இன்று நம் இளைஞர்களின் நிலை இதற்கு நேர் எதிரானது. நம் பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது.

தெரிகிறது என்பதற்கு என்ன சான்று என்றால், அவர்களுடைய பாட்டிமார்களே சான்று. நான் பள்ளி வாயிலில் நின்று பார்த்திருக்கிறேன். மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு, பேருந்துக்கும் லாரிக்கும் இடையே நுழைந்து, சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரே அதிரச் சென்ற அதே பையன், மறுநாள் தன் பாட்டியைப் பின்னால் அமர்த்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். அப்போது அவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே! வேகத்தடைக்குப் பத்தடி முன்னரே வேகம் குறைகிறது. பள்ளம் கண்டு விலகுகிறான். “புடவைத் தலைப்பைச் சேர்த்துப் பிடிச்சுக்க ஆயா” என்று திரும்பித் திரும்பிச் சொல்கிறான். ஒரே கை, ஒரே வண்டி, ஒரே சாலைதான். தன் பின்னால் யார் இருக்கிறார் என்று அவனுக்கு அன்று தெரிந்திருக்கிறது, அவ்வளவே. பொறுப்பைக் கற்பிப்பது என்றால் புதிதாக எதையும் அவனுள் திணிப்பதன்று. பாட்டி ஏறாத நாளிலும் வண்டியில் பலர் ஏறியிருக்கிறார்கள் என்பதைக் காட்டிக் கொடுப்பதே நம் வேலை.

அவ்வாறு ஏறியிருப்பவர்கள் யார்? முதலில் அவனுடைய தாய். அந்த வண்டியை வாங்க மகளிர் சுயஉதவிக் குழுவில் அவள் கடன் எடுத்திருப்பாள். வண்டி உருக்குலைந்தாலும், ஓட்டியவன் படுக்கையில் விழுந்தாலும், தவணை நிற்பதில்லை. வாரந்தோறும் வந்து நிற்கும். அடுத்துத் தந்தை. பதினெட்டு வயது நிரம்பாத மகன் தந்தையின் வண்டியை ஓட்டிப் பிறர்மீது மோதினால் என்ன நேரும் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்தாகும். ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. ஓட்டுநர் வேலைக்குப் போகலாம் என்றிருந்தவனுக்கு அந்தக் கதவு ஏழெட்டு ஆண்டுகள் அடைபட்டுவிடும்.

இதனினும் பெரிய சுமை ஒன்று உண்டு. உரிமம் இல்லாதவன் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் ஆணையிடுவது வழக்கம். காப்பீடே புதுப்பிக்கப்படாமல் இருந்தால் முழுத் தொகையும் நேரே உரிமையாளர் தலையில் விழும். அந்த உரிமையாளர் யார்? மூன்று சென்ட் பட்டா நிலத்தில் ஓடு போட்ட வீடு கட்டிக்கொண்ட நம் கூலிக்காரத் தந்தை. அலட்சியமாக ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்தான் என்ற வழக்கு இருந்தால், காவல் துறைத் தேர்வு எழுதிய பிள்ளையின் நன்னடத்தைச் சரிபார்ப்பில் அது முன்வந்து நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கழகத்தின் மாலை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் அத்தேர்வுக்குத்தான் படிக்கிறார்கள்.

மோதப்படுகிறவர்களையும் மறந்துவிடலாகாது. வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் சாலை ஓரமாக நடந்து வருபவர்கள் பெரும்பாலும் நம் போன்ற கூலி மக்களே. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் விபத்துகளில் மாண்டதாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். எண்களை அடுக்கினால் இளைஞர்களுக்குக் கொட்டாவி வரும் என்பதை முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் அறிந்துகொண்டேன். ஆகவே இத்தோடு நிறுத்துகிறேன்.

அச்சுறுத்திக் கற்பிக்கலாம் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சிதைந்த உடல்களின் படங்களைப் பள்ளியில் காட்டுகிறார்கள். பையன்கள் அரை மணி நேரம் வாய்மூடி இருக்கிறார்கள். மாலையில் அதே வேகம். ‘அது வேறு எவனுக்கோ நேர்ந்தது’ என்று மனம் ஒதுக்கிவிடுகிறது. சாவியைப் பிடுங்கி வைப்பதும் அத்தகையதே. நண்பனின் வண்டி இருக்கவே இருக்கிறது.

நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்லுகிறேன். பத்தாம் வகுப்பு மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று கிரிக்கெட் ஆடுகளத்தை அளக்கச் சொன்னேன். விக்கெட்டுக்கு விக்கெட் 22 கெஜம், ஏறத்தாழ 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஒரு நொடியில் கடப்பது எவ்வளவு என்று கணக்குப் போடச் சொன்னேன். சரியாக 20 மீட்டர்! குழந்தை குறுக்கே ஓடுவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதாவது, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே அவன் ஆடுகளம் முழுவதையும் கடந்துவிடுகிறான். அதன் பின்னர்தான் வண்டி நிற்கத் தொடங்குகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பது பாடநூலில் உள்ளதுதான். ஆனால் சுண்ணாம்புக் கோடாகத் தரையில் போட்டுப் பார்த்தபோது வகுப்பில் மிகவும் துடுக்கான பையன் கூட அக்கோட்டின் ஓரமாக இரண்டு முறை நடந்து பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

மற்றொன்று, சிறு பொறுப்புகளை முழுமையாக ஒப்படைத்தல். மாலை வகுப்பு நடக்கும் கட்டடத்தின் சாவியை ஒரு பதினாறு வயதுப் பையனிடம் கொடுத்துவிட்டு, அவன் பூட்டினானா என்று பின்னாலேயே சென்று பார்த்தால் அவன் ஒருநாளும் பொறுப்புக் கற்கமாட்டான். கொடுத்தால் கொடுத்ததுதான். கணக்கு மட்டும் கேட்க வேண்டும். வண்டி வாங்கித் தரும் பெற்றோரும் அவ்வாறே, காப்பீடு முடியும் தேதி, தவணைத் தேதி, பெட்ரோல் செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வேலையை மகனிடமே விட்டுவிடலாம். தன் கையால் தவணைத் தொகையை மாதம் தவறாமல் எழுதுகிறவன் அந்த வண்டியைச் சற்று வேறு கண்ணால் பார்ப்பான் என்று நம்புகிறேன்.

நிர்வாகக் குழுவினரிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். அந்த முப்பது நாளும் நம் பிள்ளைகள் யாரிடமும் கற்பதில்லை, நண்பனிடம் கற்கிறார்கள். கழகத்தில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற இருவர் உறுப்பினராக இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் அவர்கள் நம் பள்ளி மைதானத்தில் கற்றுக்கொடுக்க இசைந்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் வரலாம், வர வேண்டும். தலைக்கவசம் இல்லாதவர்களுக்குக் கழகத்தின் செலவில் நான்கு கவசங்களையாவது வாங்கி வைத்தல் நலம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு முதல் வகுப்பு. அளவு நாடாவையும் சுண்ணாம்பையும் நான் கொண்டுவருகிறேன்.