இடி விழுந்தாற்போல் வரும் தலைவலி



தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஆனாலும் நம் பக்கத்தில் தலைவலி என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவோம். நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்போம். தைலம் தேய்ப்போம். பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் கழனிக்குப் போய்விடுவோம். பெரும்பாலான தலைவலிக்கு இது போதும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பற்றுக்கும் தைலத்துக்கும் கட்டுப்படாத, கட்டுப்படுமா என்று காத்திருக்கவும் கூடாத ஒரு தலைவலி உண்டு. அதை எப்படி அடையாளம் கண்டுகொள்வது, கண்டால் என்ன செய்வது என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

சாதாரணத் தலைவலி எப்படி இருக்கும்?

பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் காலை வைத்து உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், பட்டு இழையையும் ஜரிகை இழையையும் பார்த்துப் பார்த்து நெய்கிறார்கள். பொழுது சாயும்போது கண் எரியும், பிடரி இறுகும், தலையைச் சுற்றிப் பட்டை போட்டு இழுத்துக் கட்டினாற்போல் இருக்கும். இது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற வலி. எழுந்து நடந்து, கழுத்தை நிமிர்த்தி, தண்ணீர் குடித்து, ராத்திரி நன்றாகத் தூங்கினால் போய்விடும். நாற்பது வயதுக்கு மேல் அடிக்கடி இப்படி வந்தால் கண்ணாடி தேவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றைத் தலைவலி என்பது இன்னொரு வகை. பெரும்பாலும் ஒரு பக்கமாக விண்விண் என்று தெறிக்கும். வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. வெறும் வயிறு, தூக்கக் கேடு, உச்சி வெயில் இவை அதைக் கிளப்பிவிடும். சில மணி நேரம் இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்று நாள்கூட இருக்கும். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே தினமும் தலைவலியைக் கொண்டுவரும். அப்படிப் பழகிவிட்டவர்கள் டாக்டரிடம் சொல்லி மாற்று வழி கேட்க வேண்டும்.

இடி போன்ற வலி

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். நன்றாகத்தான் இருந்தார். திடீரென்று பின்மண்டையில் யாரோ உலக்கையால் அடித்தாற்போல் ஒரு வலி. ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டது. “என் ஜென்மத்தில் இப்படி ஒரு வலி வந்ததில்லை” என்கிறார். வாந்தி எடுக்கிறார். கழுத்தைக் குனிய முடியவில்லை. இதைக் காற்று, கருப்பு என்றோ திருஷ்டி என்றோ நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போனால், போகிற நேரம் திரும்பி வராது.

உள்ளே என்ன நடக்கிறது? பம்புசெட் ஹோஸ் குழாயைப் பார்த்திருப்பீர்கள். நைந்துபோன ஓர் இடத்தில் முட்டைபோலப் புடைக்கும். தண்ணீர் வேகம் கூடினால் அந்த இடம்தான் பீறிக்கொள்ளும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயிலும் சிலருக்கு அப்படி ஒரு புடைப்பு இருக்கும். அது இருப்பதே பெரும்பாலும் தெரியாது. அது வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதுதான் இந்த இடி. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம்.

“திடீரென்று தலை வலித்தாலே ரத்தக் கசிவுதானா?” என்று கேட்பீர்கள். இல்லை. இடி போன்ற தலைவலியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்குத்தான் அப்படி இருக்கும். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்தோ நாடியைப் பிடித்தோ சொல்லிவிட முடியாது. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வலி வந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் கசிவு ஏறக்குறைய தப்பாமல் தெரிந்துவிடும். நாள் போகப் போக அந்த அடையாளம் மங்கிவிடும். அப்போது முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். “முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது” என்று பயப்பட வேண்டாம். தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வலி கொஞ்சம் தணிந்தால் “சரியாகிவிட்டது” என்று வீட்டோடு இருந்துவிடக் கூடாது. கசிந்த குழாய் மறுபடியும் வெடிக்கலாம். அதற்கான அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். நேரத்தோடு போனால், தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பிச் சுருளைச் செலுத்தி அந்தப் புடைப்பை அடைத்துவிடுகிறார்கள். அல்லது மண்டையைத் திறந்து கிளிப் போட்டு மூடுகிறார்கள்.

மூளை வைத்தியம் என்றால் சீமைக்குப் போக வேண்டும் என்ற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. நமக்குப் பக்கத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனித் துறை தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார்.

பெரியவர்களுக்கும் வந்தது

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று, தம் உருவப்படம் வரைவதற்காக உட்கார்ந்திருந்தார். பின்மண்டையில் பயங்கரமாக வலிக்கிறது என்றார். நினைவிழந்தார். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 63. அவருக்குப் பல ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு இருந்தது. அன்றைக்கு அதை அடக்க நல்ல மாத்திரை கிடையாது. இன்றைக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நாட்டின் ஜனாதிபதிக்குக் கிடைக்காத மருந்து நமக்குக் கிடைக்கிறது. நாமோ “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம்!

எல்லாக் கசிவும் இடி மாதிரி வந்துவிடாது. மெதுவாகக் கசிவதும் உண்டு. கோவை ஈஷா அறக்கட்டளை நிறுவனர் ஜக்கி வாசுதேவுக்கு 2024-ஆம் ஆண்டு நான்கு வாரமாகக் கடும் தலைவலி இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் தம் நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்தார். மார்ச் 15 அன்று ஸ்கேன் எடுத்தபோது மண்டைக்குள் ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. மார்ச் 17 அன்று டெல்லியில் அவசர அறுவை சிகிச்சை நடந்தது. மார்ச் 27 அன்று நலமாக வீடு திரும்பினார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள், மாடு முட்டித் தள்ளியவர்கள், குளியலறையில் வழுக்கி விழுந்த வயோதிகர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அடிபட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமும் வரும். “அது எப்பவோ விழுந்தது” என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கழனியிலிருந்து வரும் தலைவலி

விவசாயிகளுக்கென்றே உள்ள சில காரணங்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, பூச்சிமருந்து. தெளித்துக்கொண்டிருக்கும்போதோ தெளித்து முடித்த சில மணி நேரத்திலோ தலைவலி, தலைசுற்றல், அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறல், கண்ணில் நீர், கண்பாவை ஊசி முனைபோல் சுருங்குதல், வயிற்றுப் பிடிப்பு, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் இவை வந்தால் மருந்து உடம்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அறிகுறி தெரிந்ததும் தெளிப்பதை நிறுத்துங்கள். மருந்து வாடை இல்லாத இடத்துக்குப் போங்கள். நனைந்த துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். பால், மோர், புளித்தண்ணீர் எதையும் புகட்ட வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் முறிவு மருந்து சரியாகக் கொடுக்க முடியும்.

இரண்டாவது, காய்ச்சலோடு வரும் தலைவலி. மழைக்காலத்தில் டெங்கு வரும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். அதற்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். அதில் தலைவலியோடு கெண்டைக்கால் வலிக்கும், கண் சிவக்கும். புதர், புல்வெளியில் திரிகிறவர்களுக்கு உண்ணிக்காய்ச்சல் வரலாம். அக்குளிலோ இடுப்பிலோ நெருப்புப் பட்டாற்போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் நல்ல மருந்து உண்டு. சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சலும் தலைவலியும் இருந்து, கழுத்து விறைத்து, பேச்சு பிதற்றலானால் அது மூளை உறைக் காய்ச்சலாக இருக்கலாம். அதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது, புகை. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டினாலும், ஜெனரேட்டர் ஓட்டினாலும் வாசனையில்லாத விஷக்காற்று சேரும். வீட்டிலிருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் வெளியே வாருங்கள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

கர்ப்பிணிக்கு ஐந்து மாதத்துக்கு மேல் கடுமையான தலைவலி வந்து, கண்முன் பூச்சி பறந்து, முகம் வீங்கினால் ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கலாம். அது வலிப்பில் கொண்டுவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரசவமான பெண்ணுக்குச் சில வீடுகளில் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். இது வேண்டாம். பிள்ளை பெற்ற சில வாரங்களுக்கு ரத்தம் உறையும் தன்மை கூடுதலாக இருக்கும். உடம்பில் நீரும் வற்றினால் மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய் அடைத்துக்கொள்ளலாம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம் இவை அதன் அறிகுறிகள். “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று மாமியாரோ அம்மாவோ சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்து, வாந்தியோடு தலை வலித்தால் அது கண்ணில் நீர் அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே பார்க்காவிட்டால் பார்வை போய்விடும்.

வலி வந்ததும் என்ன செய்வது?

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு வேகமாக ஏறியது என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடும் இலவச வண்டி அது. நோயாளியை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். மயக்கமோ வலிப்போ இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். கசிவு இருந்தால் அது ரத்தத்தை உறையவிடாமல் செய்யும்.

காஞ்சிபுரத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. தேவையானால் அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சென்னைக்கோ அனுப்புவார்கள். “நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிவிட்டுப் போகலாம்” என்று ஒரு ராத்திரியைக் கழித்துவிடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போக முன்பணம் வேண்டாம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. அந்த அட்டை இல்லாதவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வருமுன் காக்க

முப்பது வயது தாண்டிய எல்லோரும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் அளவு 140, கீழ் அளவு 90 இவற்றைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். ஊறுகாயும் கருவாடும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். பீடியை விட்டுவிடுங்கள்.

ஆக, நான் சொன்னதில் மற்றவை மறந்தாலும் இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மெல்ல வரும் வலிக்குப் பற்றுப் போடலாம், பொறுத்தும் பார்க்கலாம். ஒரு நிமிஷத்தில் உச்சிக்கு ஏறும் வலிக்குப் பொறுமை கூடாது. விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியே கிளம்பிவிட வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் அது நஷ்டமில்லை, நிம்மதி.