பேரேட்டில் ஒரு வரி



மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் வடமோடிக் கூத்து ஆடப்பெறும் இரவுகளில் பாரதக் கதைக்கு என்றும் தனியிடம் உண்டு. பேழையில் இட்டு ஆற்றில் விடப்பட்ட கர்ணனை நாம் எல்லோரும் அறிவோம். தேரோட்டி மகனாய் வளர்ந்த அவன், தன்னைப் பெற்றவள் யார் என்பதைப் போர் மூளும் தறுவாயிலேதான் அறிந்து கொண்டான். 'நான் யார் பிள்ளை?' என்ற வினாவுக்கு அவனுக்குக் காலந்தாழ்ந்தே விடை கிடைத்தது. அதே வினாவைச் சுமந்துகொண்டு கடல் கடந்து வருவோர் நம் காலத்திலும் உளர். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பிரித்தானியாவில் 1869ஆம் ஆண்டு முதல், ஏழைப் பிள்ளைகளையும் அநாதை இல்லப் பிள்ளைகளையும் கப்பலேற்றிக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பும் வழக்கம் பெருகியது. கனடாவுக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் சிறுவர் சென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பலர் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். நல்வாழ்வு கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆயின் பலருக்குக் கிடைத்தது பண்ணைக் கூலியும் அடியுமே. பெற்றோர் உயிருடன் இருக்கையிலேயே, அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று கூறப்பட்ட பிள்ளைகளும் பலர்.

1986இல் நொட்டிங்காம் நகரைச் சேர்ந்த சமூக சேவகி மார்கரெட் ஹம்ப்ரீஸ் அம்மையாருக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிறு வயதில் அனுப்பப்பட்ட ஒரு பெண், தன் குடும்பத்தைத் தேடித் தருமாறு அதில் கேட்டிருந்தாள். அம்மையார் பிறப்புப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் ஏடு ஏடாகப் புரட்டினார். அடுத்த ஆண்டில் இதற்கென ஓர் அறநிலையத்தையே நிறுவினார். அவுஸ்திரேலிய அரசு 2009இலும் பிரித்தானிய அரசு 2010இலும் இப்பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டன. அப்போது அவர்களிற் பலருடைய தாய்மார் மறைந்துவிட்டிருந்தனர்.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். சுவிட்சர்லாந்துக்கு மட்டும் 1973க்கும் 1997க்கும் இடையில் 881 பேர் சென்றதாக அந்நாட்டு ஆய்வொன்று கணக்கிட்டது. சட்டப்படி நீதிமன்றக் கட்டளை பெற்றே அனுப்பினார்கள். ஆனால் அந்த மன்றிலே தாய் என்று நின்ற பெண், சில வேளைகளில் உண்மைத் தாயாக இருக்கவில்லை. தரகர் கூலி கொடுத்து நிறுத்திய வேறொருத்தியாக இருந்தாள். வளர்ந்தபின் பிறப்புச் சான்றிதழைக் கையிலேந்தி வந்த பிள்ளை, அதிலுள்ள பெயரைத் தேடிச் சென்றால் அங்கே தாய் இல்லை. பத்திரம் இருந்தது, உண்மை இல்லை. 2020இல் சுவிஸ் அரசு இதற்காக வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது.

இனி வாவிக்கரைக்கு வருவோம். வாவியின் தென்னெல்லையை அடுத்திருப்பது கல்முனை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்த அன்று, ஒரு பச்சிளங் குழந்தை அங்குள்ள மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. பெயர் தெரியாமையால் 81 என்ற இலக்கமே அதற்குப் பெயராயிற்று. ஒன்பது குடும்பங்கள் உரிமை கோரின என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு தாயும் தந்தையும் நீதிமன்றம் சென்றனர். காட்டுவதற்கு அவர்களிடம் பத்திரம் இல்லை. எல்லாவற்றையும் கடல் கொண்டு போயிருந்தது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் முடிவு வந்தது. பிள்ளை பெற்றோர் கைக்குச் சென்றது.

ஏறத்தாழ ஏழு வாரம் அந்தத் தாய் துடித்தாள். அந்தத் துன்பம் சிறிதன்று. ஆனாலும் முதலில் உண்மை தேடப்பட்டது, அதன்பின்பே பிள்ளை கையளிக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். முன்னர் தத்துக் கொடுத்தவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். இரக்கமும் அவசரமும் கைகோத்தால், பின்னர் நாற்பது ஆண்டு தேட வேண்டியிருக்கும்.

வாவிக்கரை மக்கள் 1978இன் சூறாவளியையும், நீண்ட போரையும், ஆழிப்பேரலையையும் கண்டவர்கள். வீடு போகும்போது பெட்டியும், பெட்டியோடு பத்திரமும் போய்விடுகின்றன. ஆதலால் பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் அறிவிக்கும் வழக்கத்தை எவரும் தவறவிடலாகாது. வீட்டிலுள்ள சான்றிதழ் தொலைந்தாலும், மூலப் பதிவு பேரேட்டில் இருக்குமானால் பிரதேச செயலகத்தில் மறுபிரதி பெறலாம். பேரேட்டில் உள்ள அந்த ஒரு வரி, ஒரு மனிதன் தன் வேருக்குத் திரும்பும் பாதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாயைத் தேடி அயல்நாட்டிலிருந்து ஒருவர் நம் ஊர்த் தெருவுக்கு வரக்கூடும். அன்று பிள்ளையைக் கொடுத்த தாய் இன்று வேறொரு குடும்பத்தின் தலைவியாய், பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். அவளைப் பற்றிச் சந்தியில் நின்று பேசுவது தகாது. அவள் வறுமையால் கொடுத்தாளா, ஏமாற்றப்பட்டாளா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கில்லை. வந்தவருக்கு வழிகாட்டி, இருவரும் தனித்துப் பேச இடம் கொடுத்து விலகி நிற்பதே அயலவர் செய்யத்தக்க உதவி.