ஆசிட் வேண்டாம், புளிப்பு போதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னை வினிகரைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. ஊறுகாய்க்கு ஊத்துறதை வச்சு வீட்டைச் சுத்தம் பண்றதான்னு கேப்பீங்க. அந்த வித்தை நமக்குப் புதுசு இல்லை. குத்துவிளக்கை எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளி. பித்தளையில் படிஞ்ச கறுப்பைப் புளியில் இருக்கிற அமிலம் கரைக்குது. வினிகரிலும் இருக்கிறது ஒரு அமிலம்தான். கடையில் விக்கிற சாதாரண வெள்ளை வினிகரில் அது நூத்துக்கு ஏறக்குறைய 4 பங்கு, மிச்சம் பெரும்பாலும் தண்ணி. சுத்தம் பண்ண அது போதும். ஆப்பிள் வினிகர்னு நாலு மடங்கு விலை குடுத்து வாங்கித் தரையில் ஊத்த வேண்டாம்.

போர் தண்ணி புழங்குற வீட்டில் குழாய், வாளி, பாத்ரூம் டைல்ஸ் எல்லாத்திலும் வெள்ளை வெள்ளையா உப்புக்கறை பிடிக்குது. வெந்நீர் காய்ச்சுற பாத்திரத்து அடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒட்டிக்கிடக்கும். அது உண்மையிலேயே சுண்ணாம்பு வகைதான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. புளிப்பு பட்டா கரையும்.

எவர்சில்வர் பாத்திரம்னா வினிகர் பாதி, தண்ணி பாதி ஊத்திச் சூடு பண்ணி, அடுப்பை அணைச்சு ஒரு மணி நேரம் விடுங்க. சோடா மாதிரி நுரை கிளம்பும். அப்புறம் நாரால் தேய்ச்சுக் கழுவிடலாம். குழாய் வாய் அடைச்சிருந்தா ஒரு துணியை வினிகரில் நனைச்சுச் சுத்திக் கட்டி அரை மணி நேரம் விட்டா போதும். கண்ணாடிக்கு ஒரு டம்ளர் தண்ணியில் இரண்டு கரண்டி கலந்து துடைங்க.

இதையெல்லாம் இப்ப நாம எதால் பண்றோம்? வண்டியில் கூவி விக்கிற ஆசிட்டால். மூடியைத் திறந்தாலே நெஞ்சு அடைக்குது. கதவைச் சாத்திக்கிட்டுக் குனிஞ்சு தேய்க்கிறது யாரு, நாமதான். அதைவிட எனக்குப் பயம், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊத்தி வாங்கி வைக்கிறது. நாலு வயசுப் பிள்ளைக்கு ஜூஸ் எது, ஆசிட் எதுன்னு தெரியுமா? ஒரு வாய் போனா தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துடும். அப்படி நடந்தா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. ஆசிட் வீச்சு வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: வாங்குறவங்க பேர் விவரத்தை எழுதாம, அடையாள அட்டை பாக்காம விக்கக் கூடாது, 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்குக் குடுக்கவே கூடாதுன்னு. நம்ம தெருவில் யார் நோட்டு வச்சு எழுதுறாங்க, சொல்லுங்க!

வினிகரும் எல்லா இடத்துக்கும் ஆகாது. அடுப்படி மேடை கடப்பா கல்லா இருந்தா ஊத்தாதீங்க. அதுவும் சுண்ணாம்புக் கல்தான், பளபளப்பு போயிடும். மார்பிள், மொசைக் தரைக்கும் அப்படித்தான். டைல்ஸில் ஊத்தினா பத்து நிமிஷத்தில் கழுவிடுங்க, இடுக்கில் இருக்கிற சிமெண்ட்டை அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற வைக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குக்கு வினிகர் சரிப்படாது, அதுக்குச் சோப்போ சீயக்காயோதான். போனில் வர்ற வீடியோவில் வினிகரோட ஆப்ப சோடாவைக் கொட்டி நுரை காட்டுறாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணோட வேகத்தை இன்னொண்ணு அடிச்சுடும், இரண்டு காசும் வீண்.

இதை மட்டும் ஒவ்வொரு குழுவிலும் சொல்லிடுங்க: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரையோ ஆசிட்டையோ ஊத்தவே கூடாது. இரண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத கழிவறையில் அது நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாருக்காவது வயித்துப்போக்குன்னா கிருமிக்கு பிளீச்சிங் பவுடர்தான் வேணும், வினிகர் அதுக்குப் பத்தாது. ஆனா அன்னைக்கு அதை மட்டும் போடுங்க.

பினாயில் தயாரிக்கிற குழு அக்காமார் என்னை முறைக்கிறீங்க, தெரியுது. பினாயில் வேலை வேற, இது வேற. உங்க வியாபாரத்துக்கு ஒண்ணும் ஆகாது.

மேசை மேல இரண்டு பாட்டில் வினிகர் வச்சிருக்கேன். அங்கன்வாடியில் இருந்து உப்புப் படிஞ்ச குண்டான் ஒண்ணு வாங்கி வந்து, பேச ஆரம்பிக்கும் முன்னேயே ஊத்தி வச்சாச்சு. சாப்பாடு முடிஞ்சதும் வாங்க, நீங்களே தேய்ச்சுப் பாருங்க.