கணக்கு வராத பிள்ளை யார்?

(உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது)



ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கைவேலையாகச் சொல்லிக் கொடுப்பது பற்றி நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நாம் கணித பண்டிதர் அல்ல. ஆனாலும் இதில் நமக்குச் சொல்ல வேண்டியது உண்டு. பரீட்சையில் தவறிப் படிப்பை விட்ட பிள்ளையைப் பார்த்து, "அவனுக்குக் கணக்கு மூளை கிடையாது, அதெல்லாம் பரம்பரையாய் வர வேண்டும்" என்று சொல்லி விடுகிறார்களே, இதற்கும் வருணாசிரமத்திற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

அந்தப் பிள்ளையின் தகப்பனார் கொத்தனாராயிருப்பார். கடைக்கால் போடக் கயிறு பிடிக்கும்போது, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் மூலைமட்டம் சரி. இதைத்தான் பிதாகோரஸ் தேற்றம் என்று பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அவன் விழித்தால் பிரம்பை எடுக்கிறோம். இது எங்கள் சுல்ப சூத்திரத்திலேயே இருக்கிறது என்று பெருமை பேசுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் யாகக் குண்டத்திற்குக் கயிறு பிடித்தவன் பண்டிதன், குடியிருக்கும் வீட்டிற்குக் கயிறு பிடித்தவன் கூலிக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்? அந்தக் கொத்தனாரையே ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, மைதானத்தில் கயிறு பிடிக்கச் சொல்லுங்கள். அவர் பிள்ளை அன்று தலைநிமிர்ந்து நிற்பான்.

கூம்பின் கன அளவில் மூன்றில் ஒன்று எப்படி வந்தது என்று கேட்டால், புஸ்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். வேதத்தில் இருக்கிறது என்பவனும் இதைத்தானே சொல்லுகிறான்? ஒரே வாய், ஒரே உயரமுள்ள கூம்பும் உருளையும் அட்டையில் செய்து, கூம்பால் மணலை அள்ளிக் கொட்டினால் மூன்றாவது தடவையில் உருளை நிரம்பிவிடும். இதற்கு ஆகும் செலவு பழைய அட்டையும் கொஞ்சம் பசையும்தான்.

இனிக் காசு சுண்டும் வேலை. வகுப்பில் 64 பிள்ளைகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 5 தடவை காசு சுண்ட வேண்டியது. சுண்டுமுன்பே பூவா தலையா என்று ஐந்தையும் எழுதி வைத்துவிட வேண்டும். ஐந்தும் பலிக்க 32-ல் ஒரு பங்குதான் இடமுண்டு. ஆகவே 64 பேரில் சராசரி இரண்டு பேருக்கு ஐந்தும் அப்படியே பலிக்கும். சில நாள் நாலு பேருக்குப் பலிக்கும், சில நாள் ஒருவருக்கும் பலிக்காது. பலித்த பிள்ளைகளுக்கு மாலை போட்டு, ஜோசியர் என்று பட்டமும் கொடுத்து, எல்லோர் முன்பாகவும் மறுபடி 5 தடவை சுண்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பட்டம் அங்கேயே பறந்து போகும். பலித்தவன் ஊரெல்லாம் சொல்லுவான், பலிக்காத 62 பேர் வாய் திறக்க மாட்டார்கள். ஆண் குழந்தை பிறக்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்காமல் எங்கே போகும்? ஜோசியத்தைக் கண்டித்து நாம் நூறு மேடையில் பேசுவதைவிட இந்த ஒரு மணி நேரப் பாடம் மேல் என்றே சொல்லுவோம்.

ஆனால் தோழர்களே, கையால் செய்து கண்ணால் பார்த்ததெல்லாம் உண்மை என்றும் பிள்ளைகளை நம்ப வைத்து விடாதீர்கள். பக்கத்துக்கு 8 கட்டமுள்ள சதுரக் காகிதத்தை 5 கட்டம், 3 கட்டம் அகலமாக இரண்டாக்கி, சிறியதைக் குறுக்கே இரண்டு முக்கோணமாகவும், பெரியதைச் சாய்வாக வெட்டி ஒரு பக்கம் 5, மறுபக்கம் 3 கட்டமுள்ள இரண்டு துண்டாகவும் ஆக்கி, நான்கையும் 13-க்கு 5 நீண்ட சதுரமாக அடுக்குங்கள். 64 கட்டம் 65 ஆகிவிடும்! சாமியார் வெறுங்கையில் விபூதி வரவழைப்பதும் இப்படித்தான். முக்கோணத்தின் சாய்வு 8-க்கு 3, மற்றத் துண்டின் சாய்வு 5-க்கு 2. இரண்டும் ஒன்றல்ல. ஆகையால் நடுவில் நூல் போல் ஓர் இடுக்கு நீளமாய் விழுகிறது, அந்த இடுக்குத்தான் அதிகப்பட்ட ஒரு கட்டம். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நிரூபணம் எதற்கு என்று பிறகு ஒருவனும் கேட்க மாட்டான்.

கடைசியாக ஒன்று. பூமியை ஆதிசேஷன் தாங்குகிறான் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கொண்டிருந்த பூமியின் சுற்றளவை நம் பிள்ளைகள் ஒரு கம்பை நட்டே அளந்துவிடலாம். கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்பவர் இதைச் செய்திருக்கிறார். சென்னையில் வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும், நடுப்பகலில் நட்ட கம்புக்கு நிழலே இராது. அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கம்புக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். அதைக் காகிதத்தில் வரைந்து கோணமானி வைத்தால் 5 பாகை. முழு வட்டம் 360 பாகை, அதாவது இதைப்போல் 72 பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 555 கிலோமீட்டர் (ரஸ்தாவின் தூரமல்ல). 72-ஆல் பெருக்கினால் 39,960. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்று விஞ்ஞானிகள் சொல்லுவதும் அதுதான்.

ஏப்ரலில் பரீட்சையும் விடுமுறையும் குறுக்கிடும். ஆகவே ஆகஸ்டை வைத்துக் கொள்ளுங்கள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். மேகம் மறைத்தால் மறுநாள் பார்த்தாலும் பெரிய பிசகு வராது. கம்பு நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள். சென்னையில் நிழல் மறைவது பகல் 12 மணி கழிந்து சில நிமிஷத்தில். புதன்கிழமையாய் வந்தால் அது சரியாக ராகு காலத்தில் விழும். அப்படி வந்தால் இன்னும் நல்லது, எங்களுக்கும் சொல்லியனுப்புங்கள், வந்து பார்க்கிறோம்.