உதிரும் பாசுமதி

பழவேற்காட்டு இறாலும் நண்டும் வந்து இறங்கும் பொன்னேரிப் பக்கத்துச் சமையலறைகளில் அன்றாடச் சோறு என்றால் புழுங்கலரிசிதான். பாசுமதி விருந்தாளி, பிரியாணிக்கு மட்டும் எட்டிப் பார்க்கும்.

புழுங்கலுக்குப் பழகிய கை, பாசுமதியையும் அதே நேரம் வேகவிட்டால் குழைந்துவிடும். மெதுவாகக் களைந்து அரை மணி நேரம் ஊறவைத்தால் அரிசி பால்வெள்ளையாக மாறும். நிறைய உப்புத் தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும் போட்டு, ஏழெட்டு நிமிடத்தில் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை தெரிகிறதா? உடனே வடித்து மூடிவிடலாம். கரண்டி போட்டுக் கிளறினால் போச்சு!

பாசுமதியின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள் ரம்பை இலையிலும் உண்டு.

2016-இல் பாசுமதிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டின் எல்லைக்குள் தமிழ்நாட்டு வயல் எதுவும் இல்லை.