சனவரி 25: பெங்களூரில் ஓர் அமைதி நாள்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சனவரி 25. தமிழ்நாட்டில் மொழிப்போர் ஈகியருக்கு வீரவணக்கம் செலுத்தும் நாள். சென்னை மூலக்கொத்தளத்தில் நடராசன், தாளமுத்து நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். ஊர்தோறும் பொதுக்கூட்டம் நடக்கிறது. பெங்களூரிலோ வீதி வழக்கம்போல் இயங்குகிறது. நாம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசுகிறோம்.

ஏன் இந்த அமைதி? அடுத்த வீட்டுக் கன்னடர் தவறாக எண்ணிவிடுவாரோ என்ற அச்சம்! 1991 திசம்பரில் காவிரியின் பெயரால் நடந்த வன்முறையை இந்நகரத் தமிழர் மறக்கவில்லை. ஆனால் இந்த நாளில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாயிற்று. அதை எதிர்த்துச் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். 1964 சனவரி 25 அன்று திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தார். 1965 சனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது மாணவர் கிளர்ந்தெழுந்தனர். சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்.

விளைந்தது என்ன? 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் இசைந்து தீர்மானம் நிறைவேற்றினாலன்றி, நடுவண் அரசின் பணிகளிலிருந்து ஆங்கிலத்தை அகற்ற முடியாது. அந்த மாநிலங்களுள் கருநாடகமும் ஒன்று! விதான சௌதாவிலிருந்து தில்லிக்கு இன்றும் ஆங்கிலத்தில் மடல் போகிறதே, அந்த உரிமையில் சின்னச்சாமியின் பங்கும் உண்டு. ஆகவே தோழர்களே, இது கன்னடருக்கும் உரிய நாள்.

அலசூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒருவர் மொழியை மற்றவர் மதித்தபோது 18 ஆண்டுச் சிக்கல் அவிழ்ந்தது.

நமக்குக் கடமை இரண்டு. நம் பிள்ளைகள் இந்தப் பெயர்களைத் தமிழில் எழுதவும் படிக்கவும் கற்றுத் தருவோம். தமிழெழுத்து அறியாத பிள்ளைக்கு மூலக்கொத்தளத்துக் கல்வெட்டு வெறும் கீறல்தானே! அடுத்து, இந்த வரலாற்றை அண்டை வீட்டாருக்குக் கன்னடத்தில் சொல்வோம். சொல்லுமளவுக்குக் கன்னடம் கற்போம். வாழும் மண்ணின் மொழியை மதிக்காதவன் தன் மொழிக்கு எந்த வாயால் மதிப்புக் கேட்பான்?

எழுந்து நின்று ஒரு நிமிடம் அமைதி காப்போம். பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம்.