நிமோவுக்கு வீடு வாங்குறதுக்கு முன்னாடி

போன வாரம் ஒரு லிஸனர் கேட்டிருந்தாங்க: "கடல் மீன் தொட்டி வெச்சு ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு நிமோ இருக்கு. அதுங்களுக்கு ஒரு அனிமோன் வாங்கலாமா?"

ஒரே வார்த்தையில பதில்: இப்ப வேண்டாம். இதைச் சொல்ற தகுதி எனக்கு எப்படி வந்துச்சுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

2023-ல நான் பெசன்ட் நகர்ல வாடகைக்கு இருந்தேன். வீட்லேருந்து ஊரூர் ஒல்காட் குப்பம் அஞ்சு நிமிஷ நடை. நூறு லிட்டர் தொட்டி வாங்கினதும் வந்த முதல் யோசனை, பக்கத்துலயே கடல் இருக்கு, எதுக்குக் காசு குடுத்து உப்பு வாங்கணும்? ரெண்டு கேனோட கரைக்குப் போனேன். வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு அண்ணன் பார்த்துட்டு, "இன்னா தம்பி, இது ஆத்துத் தண்ணி வந்து கலக்குற எடம். இத்த எடுத்தும்போயி மீன் வளக்கப் போறியா?"ன்னு கேட்டார். அடையாறு முகத்துவாரம் கண்ணெதிர்ல இருக்கு, எனக்குத்தான் தோணல. காலி கேனோட திரும்பி வந்து, ஆர்ஓ தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் மரைன் சால்ட் கலந்தேன்.

நாலாவது மாசம் ஒரு அனிமோன் வாங்கினேன். தமிழ்ல கடல் சாமந்தி. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அது ஒரு விலங்கு. நிமோ கூட வாழுற வகைகளோட உடம்புக்குள்ள ஒரு செல் பாசி குடியிருக்கும். வெளிச்சத்துல அந்தப் பாசி சமைக்கிறதுதான் அதுக்குப் பெரும்பாலான சாப்பாடு. சூடு ஏறினாலோ, உப்பு அளவு சட்டுன்னு மாறினாலோ பாசியை வெளியே தள்ளிடும். உடம்பு வெளுத்துப் போகும். நிறைய பேர் அதைப் பார்த்து "வெள்ளை கலர், சூப்பரா இருக்கு"ன்னு வாங்கிட்டு வருவாங்க. அது பட்டினி கிடக்கிற உயிர்.

இன்னொண்ணு, அது நடக்கும். இடம் பிடிக்கலன்னா மெதுவா நகர்ந்து போய் பம்போட வாயில மாட்டிக்கும். அதுக்கு நான் ஸ்பான்ஜ் கவர் போட்டேன். டெம்பரேச்சர் சென்சார் வெச்சு, போனுக்கு அலர்ட் வர்ற மாதிரி கோடும் எழுதினேன். பயங்கரப் பெருமை.

டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். கரன்ட் போச்சு. வீட்ல யூபிஎஸ் இருந்துச்சு, எதுக்குத் தெரியுமா? ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும். சில மணி நேரத்துல அதுவும் காலி. பம்பு நின்னா தண்ணியில ஆக்ஸிஜன் கலக்காது. இருட்டுல பாசியும் ஆக்ஸிஜன் தராது. ராத்திரி பூரா ஒரு மக்கை வெச்சு தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டிருந்தேன். விடியக்காலையில தூங்கிட்டேன். எழுந்தப்போ அனிமோன் கொழகொழன்னு கரைஞ்சிருந்துச்சு. செத்த அனிமோன் விடுற அம்மோனியா, மிச்ச மீனையும் கொன்னுடுச்சு. அந்த நாத்தம் இன்னும் மறக்கல. அலர்ட் மட்டும், நெட்வொர்க் வந்தப்புறம் ஒழுங்கா வந்துச்சு.

புயல் ஓஞ்சப்புறம் குப்பத்துப் பக்கம் போனேன். அண்ணன்கிட்ட சொன்னேன். "டீசல் பாக்காம எவனாச்சும் கடலுக்குப் போவானா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். அவங்க புயல் வர்றதுக்கு முன்னாடியே படகு, வலை எல்லாத்தையும் மேட்டுக்கு ஏத்தியிருந்தாங்க.

இப்போ ஒரு கதை. 1828-ல ஜான் டேலியல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கரையோரப் பாறையிலேருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்துட்டு வந்தார். ஒரு கண்ணாடி ஜாடி, மாத்தி மாத்தி ஊத்துற கடல் தண்ணி, அவ்ளோதான். அது குளிர் கடல் வகை, பாசியும் லைட்டும் தேவையில்ல, நம்ம தொட்டிக்கு அப்படியே பொருந்தாது. ஆனா 1851-ல அவர் இறந்தப்புறமும் வேற வேற கைக்கு மாறி, 1887 வரைக்கும் வாழ்ந்துச்சு. 59 வருஷம்! "கிரானி"ன்னு பேர் வெச்சிருந்தாங்க. என்கிட்ட இருந்தது ஒரு மாசம்கூடத் தாண்டல. அவங்ககிட்ட கேட்ஜெட் இல்ல, ஒவ்வொரு நாளும் பார்த்துக்க ஆள் இருந்தாங்க.

அதனால, கேட்டவங்களுக்கு: தொட்டிக்கு ஒரு வருஷம் ஆகட்டும். முதல்ல பேட்டரியில ஓடுற ஏர் பம்பு வாங்குங்க. ஆவியான அளவுக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்பு ஆவியாகாது. மே மாசத்துக்குச் சில்லர் செலவு தாங்குமான்னு இப்பவே கணக்குப் போடுங்க. கடைசியா, "எங்கேருந்து எடுத்தது"ன்னு கடையில கேளுங்க. கடல்லேருந்து பிடுங்கினதை விட, இன்னொருத்தர் தொட்டியில ரெண்டாப் பிரிஞ்சதோட ஒரு பாதி கிடைச்சா நல்லது. கல் பவளம் பக்கமே போகாதீங்க. 2001-லேருந்தே அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல புலிக்குச் சமம், பட்டியல் 1.

நிமோவுக்குக் கடல்ல அனிமோன் வேணும், ஏன்னா அங்க அதைத் தின்ன ஆள் இருக்கு. உங்க தொட்டியில யாரு இருக்கா? இப்போ என் தொட்டியில ரெண்டு நிமோ, ஹேச்சரியில பொரிச்சது. அதுங்க ஒரு மண் சட்டிக்குள்ள குடும்பம் நடத்துதுங்க. அனிமோனுக்கு வெச்ச இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.